சில்லுக்குள் ஒரு முனகல்

அதை முதலில் கேட்டது என் மனைவிதான். கொட்டாவையில் ஏறி, தெற்கு அதிவேக வீதியில் காலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எண்பதைத் தாண்டியதும், "இதென்ன, பிளேன் எழும்புற மாதிரி ஒரு சத்தம்?" என்றாள். "ரயர் சத்தம்" என்றேன். கார் பற்றிக் கேட்டால் யோசிக்காமல் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கும் ஆண்களில் நானும் ஒருவன்.

அந்தப் பதில் எனக்கு இரண்டு புது ரயர்களின் விலையாயிற்று. பூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது முனகலும் கூடவே வந்தது. முனகியது ரயர் அல்ல, சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்.

எங்களுடையது 2008ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ். ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்து, இங்கே ரீகண்டிஷனாக வந்து இறங்கியது. முன்பென்றால் இந்த வயதுக்குள் காரை விற்றுவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், பழைய காரின் மேல் புதிதாக ஒரு பாசம் வருகிறது. ஆக, கொழும்பில் இப்போது எல்லோரும் பழைய கார்தான் ஓட்டுகிறோம். ஜப்பானில் பூட்டிய பேரிங்குகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும் வயது இது.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போலப் பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். ரயர் சத்தம் வீதியைப் பொறுத்து மாறும். புதிதாகப் போட்ட கார்ப்பெட் வீதியில் அடங்கும், கரடுமுரடான தாரில் கூடும். பேரிங் சத்தத்துக்கு வீதியைப் பற்றிக் கவலை இல்லை, வேகம் மட்டும்தான் கணக்கு. நியூட்ரலில் போட்டு ஓடவிட்டாலும் போகாது என்பதால் அது எஞ்சினும் இல்லை. முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்று வந்தால் அது ஆக்சில் ஜொயின்ட், வேறு வியாதி. பேரிங்தான் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். கார் இடம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் இறங்கும். அப்போது முனகல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். வலம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம்.

காரை ஜாக்கியில் ஏற்றிச் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் ஆட்டம் வருவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழியை எனக்குத் தெஹிவளை மெக்கானிக் பாஸ் ஒருவர் காட்டினார்: ஒரு கையால் சில்லைச் சுற்றிக்கொண்டு, மற்றக் கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் சுருள் அமைதியாக இருக்கும். கெட்டுப்போனது என்றால் மணலை அரைப்பது போல ஓர் அதிர்வு சுருள் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காததை விரல் சொல்லிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் தடவை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கராஜில் கொடுத்தேன். "முன் வலப்பக்கம் பேரிங், சாமானும் நாங்களே போடுகிறோம்" என்றார்கள். பின்னேரம் கார் தயார். சத்தம் போய்விட்டது, விலையும் குறைவு. என்ன பேரிங் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மாதம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மாமி வீட்டுக்குப் போகிறோம். வவுனியா தாண்டியதும் ஏ9 நேராக நீண்டு கிடக்கும், சன்னலை மூடினால் காருக்குள் ஊசி விழுந்தாலும் கேட்கும். மாங்குளம் வருவதற்குள் பழைய முனகல் திரும்பி வந்தது. அதே பக்கம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைக் கூட்டினேன்.

மாமாவிடம் சொன்னேன். அவருடைய தகப்பனாரிடம் ஒரு ஒஸ்டின் ஏ40 சமர்செட் கார் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில்கூட மண்ணெண்ணெய் குடித்து ஓடிய இனம். "தம்பி, அந்தக் காலத்தில பேரிங் கத்தினா சில்லைக் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, புதுக் கிறீஸ் வைச்சுப் பூட்டுறதுதான். நீங்கள் என்னெண்டா முழுசா மாத்துறன் எண்டுறியள்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் காலத்துக் கார்களில் முன் சில்லுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தனித்தனிப் பேரிங்குகள். திறந்தவை, கழுவலாம், கிறீஸ் வைக்கலாம், நட்டை இறுக்கித் தளர்த்தி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். இப்போது எங்கள் கார்களில் இருப்பது இரண்டு வரிசைப் பந்துகளை ஒரே கூட்டுக்குள் வைத்து, ஆலையிலேயே கிறீஸ் நிரப்பி, இரண்டு பக்கமும் சீல் அடித்த பொருள். அதைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. புதியதை வாங்கி வந்து, "சுத்தமாகப் போடுகிறேன்" என்று பெற்றோலில் கழுவிப் பூட்டிய ஒருவரையும் கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே இருந்த நல்ல கிறீஸைக் கழுவி ஊற்றிவிட்டு நல்ல பேரிங் பூட்டிய புண்ணியம்.

கொழும்புக்கு வந்ததும் காரைத் தெஹிவளையில், பேரிங்கை அமுக்கிப் பூட்டும் ஹைட்ரோலிக் பிரெஸ் வைத்திருக்கும் கராஜுக்குக் கொண்டு போனேன். பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டுப் பழைய பேரிங்கை ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டுக் கையில் தந்தார். "பஞ்சிகாவத்தைக்குப் போய் நல்லதாக வாங்கி வாருங்கள், நான் பூட்டித் தருகிறேன்."

கார் கராஜில் கிடந்ததால் 100 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோ. வழியில் சுமை தூக்கும் நாட்டாமிமார் வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறார்கள், அச்சு கிறீச்சிடுகிறது. வண்டி அச்சுக்குள் பந்துகளை வைத்தால் இந்த உராய்வு போய்விடும் என்று வேல்ஸில் பிலிப் வோன் என்பவர் காப்புரிமை வாங்கியது 1794இல். புறக்கோட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பஞ்சிகாவத்தையைத் தெரியாதவர்களுக்கு: மருதானைப் பக்கம், தெரு முழுக்க வாகன உதிரிப்பாகக் கடைகள். ஒரு கடையில் கண்ணாடி மட்டும், ஒன்றில் கியர்பொக்ஸ் மட்டும், ஒன்றில் வெட்டிக் கொண்டுவந்த பாதிக் கார்கள். பேரிங்குக்கென்றே தனிக் கடைகள் உண்டு. நான் ஏறியது நண்பன் ஒருவன் சொல்லி அனுப்பிய ஒரு நானாவின் கடை. அறுபது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"விட்ஸ் முன் பேரிங் ஒன்று வேண்டும் நானா."

"பழையதக் கொண்டு வந்தீங்களா தம்பி?"

பையை நீட்டினேன். காகிதம் விரித்து அதன் மேல் கொட்டினார். துணியால் உள்வளையத்தைத் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சுற்றினார். பிறகு என்னிடம் தந்து, "பந்து ஓடுற பாதையப் பாருங்க" என்றார். சின்னச் சின்னக் குழிகள், அளந்து வைத்தது போலச் சம தூரத்தில்.

"அடிச்சுப் பூட்டியிருக்காங்க."

கழற்றும்போதும் குழி விழுமே என்று கேட்டேன், ஏதோ தெரிந்தவன் போல. அவர் சிரித்தார். கழற்றும்போது விழுந்த குழி பளிச்சென்று புதிதாக இருக்குமாம். இவை ஓடி ஓடிக் கருத்து, ஓரத்தில் எஃகு செதில் செதிலாக உரிந்திருக்கின்றன. அதாவது குழி விழுந்தது முதல் நாளில்.

நான் அதுவரை மலிவுப் பேரிங்கையே திட்டிக்கொண்டிருந்தேன். அது மலிவானதுதான், வளையத்தில் கேள்விப்பட்ட பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கராஜில் உலகத்தின் மிகச் சிறந்த பேரிங்கைக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான். நல்ல பேரிங் தேடுகிறவர்கள் எல்லோரும் கடையில் அரை நாள் நிற்கிறார்கள், பூட்டும் இடத்தில் அரை நிமிடமும் நிற்பதில்லை.

விஷயம் இதுதான். பேரிங்குக்கு உள்வளையம் (இரண்டு துண்டாக இருக்கும்), வெளிவளையம், நடுவில் பந்துகள். நக்கிள் என்கிற கூட்டுக்குள் அதை இறுக்கமாக அமுக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். அடுத்து, சில்லைப் பூட்டும் ஹப்பை உள்ளே செலுத்தும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் தொன் கணக்கான அழுத்தம் பந்துகள் வழியாகப் பாயும். பந்து பாதையை அழுத்திக் குழி தோண்டும். பிரெஸ் இருந்தும் இதைப் பிழையாகச் செய்யலாம். சுத்தியல் என்றால் சொல்லவே வேண்டாம். வெளியே எந்த அடையாளமும் இருக்காது, முதல் நாள் சத்தமும் இருக்காது. குழியின் விளிம்பில் ஒவ்வொரு பந்தும் இடறி இடறி, எஃகு களைத்து உரியத் தொடங்க மாதங்கள் எடுக்கும். அதற்குள் "பேரிங் சரியில்லை" என்று பழி சாமான் மேல் விழுந்திருக்கும்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருவோம்.

நானா முதலில் கேட்டது பிராண்ட் அல்ல, எண். கார் பெயரும் வருடமும் சொன்னால் போதாது. ஒரே விட்ஸில் எஞ்சினுக்கு எஞ்சின், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பதற்கும் இல்லாததற்கும் பேரிங் மாறும். சஸி நம்பரைக் கொடுத்து டொயோட்டாவின் பாக எண்ணை எடுப்பது பிழையில்லாத வழி. சீல் அடித்த தனிப் பேரிங்குகளுக்கு அங்கே எண் 90369 என்று தொடங்கும். பின்பக்கத்தில் ஹப்போடு ஒரே கட்டியாக வருவதற்கு 42450. பேரிங் கம்பனிக்காரர்களின் எண் இன்னும் சுவாரசியம். வளையத்தில் டிஏசி 38740036 என்று இருந்தால் அது பரம ரகசியம் ஒன்றும் இல்லை: உள்விட்டம் 38 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 74, கடைசி 36 அகலம். வேணியர் அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் நீங்களே அளந்து சரிபார்க்கலாம். ஆனால் அளவு ஒன்றானால் பேரிங் ஒன்றுதான் என்று எடுத்துவிடக் கூடாது. சீலில் வித்தியாசம் இருக்கும்.

அந்தச் சீலில் என் தம்பி மாட்டிக்கொண்டான். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் ஒன்று பதித்திருக்கும். சில்லு சுற்றும் வேகத்தைச் சென்சர் அதிலிருந்துதான் வாசிக்கும். பார்த்தால் சாதாரணக் கறுப்பு ரப்பர் போலத்தான் இருக்கும். அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து உட்கார வேண்டும். அவனுடைய காரில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பேரிங் அருமையாக ஓடியது, ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையவே இல்லை. சென்சரை மாற்றினான், வயரை மாற்றினான், கடைசியில் பேரிங்கைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பேரிங்கைத் திரும்பப் பூட்டக் கூடாது என்பதால் புதிதாக இன்னொன்று. ஒரு கடதாசி ஊசியைக் கிட்டக் கொண்டுபோனால் எந்தப் பக்கம் காந்தம் என்று தெரிந்துவிடும். அதே காரணத்துக்காகக் காந்தத் தட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் பேரிங்கை வைக்காமல் இருப்பது நல்லது.

எண் கிடைத்ததும் நானா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டு ஜப்பான் பெயர், ஒன்று எனக்கு வாசிக்கவே வராத பெயர். விலையில் மூன்று மடங்கு வித்தியாசம்.

"இது ஜப்பானா நானா?"

"பெட்டி ஜப்பான். உள்ளுக்கு இருக்கிறது இந்தோனேசியாவில செஞ்சது. அதுல ஒண்ணும் குறையில்ல."

உண்மைதான். ஜப்பான்காரர்களான என்எஸ்கேக்கு இந்தோனேசியாவில் ஆலை இருக்கிறது, சுவீடன்காரர்களான எஸ்கேஎஃப்புக்குப் புனேயில் இருக்கிறது. 'மேட் இன் ஜப்பான்' என்ற மூன்று சொல்லை வைத்துத் தரத்தை அளந்த காலம் எங்கள் அப்பாமாரோடு போய்விட்டது. பெயரைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். 1921இல் தொடங்கிய ஜப்பான் பேரிங் கம்பனியான கோயோ, 2006இல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து ஜேடெக்ட் ஆனது. டொயோட்டா குடும்பத்து நிறுவனம். 2022இலிருந்து கோயோ என்ற பெயரையும் ஜேடெக்ட்டுக்குள் கரைக்கத் தொடங்கினார்கள். ஆகவே கோயோ கேட்ட இடத்தில் ஜேடெக்ட் என்று எழுதிய பெட்டி வந்தால் போலி என்று சண்டை பிடிக்க வேண்டாம். டொயோட்டா ஜெனுயின் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே வளையத்தில் இப்படி ஒரு பேரிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும், டொயோட்டா தானே பந்து உருட்டுவதில்லை. ஜெனுயின் விலையில் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்கு. மிச்சம், எண் பிழைக்காது என்ற நிம்மதிக்கு. நிம்மதி சும்மா வராது என்பதால் அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் நல்ல பேரிங்குக்கும் மட்டமானதற்கும் என்னதான் வித்தியாசம்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம். இந்தச் சமையல் குறிப்பு உலகத்துக்கே தெரியும். அந்த எஃகு எவ்வளவு சுத்தம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே ஒரு மாசுத் துணிக்கை இருந்தால் வெடிப்பு அங்கிருந்து கிளம்பும். பந்துகள் எவ்வளவு துல்லியமான உருண்டை, சீலின் உதடு எவ்வளவு காலம் தண்ணீரைத் தடுக்கும், கிறீஸ் சூட்டில் உருகி ஓடுமா, இதில் எதையும் கடை வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. கையில் சுற்றிப் பார்த்து "வழுவழுவென்று இருக்கிறது" என்று சொல்வது தர்ப்பூசணியைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. தட்டுகிறவருக்கு ஒரு திருப்தி.

கொழும்புக்குச் சீல்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் சில்லு பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். சீல் களைத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும், கிறீஸ் பால் நிறமாகும், துரு பிடிக்கும். மெரின் டிரைவில் இரவில் கார் நிறுத்துகிறவர்களுக்குக் கடல் காற்றின் உப்பும் இலவசம்.

போலி பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, வளையத்து எண்ணும் பெட்டி எண்ணும் ஒத்துப்போகாதது, இவை இருந்தால் வாங்க வேண்டாம். ஆனால் இவை இல்லை என்பதால் அசல் என்று ஆகாது. பெட்டி அச்சடிப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. எஸ்கேஎஃப் தன் ஒதென்டிகேட் என்ற செயலியில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறது. எஃப்ஏஜி பேரிங்குகளை விற்கும் ஷெஃப்ளர், பெட்டியில் உள்ள குறியீட்டைச் சரிபார்க்க ஒரிஜின்செக் என்று ஒன்றை வைத்திருக்கிறது. பாவிக்கலாம். என் அனுபவத்தில் இதைவிட வேலை செய்தது வேறொன்று: காரின் எண்ணும் பேரிங் எண்ணும் எழுதிய பில் தரச் சம்மதிக்கும் கடை. "பில் வேணாம் சேர், விலையைக் குறைச்சுத் தாறேன்" என்றால் நான் படி இறங்கிவிடுவேன்.

பாவித்த பேரிங்கை, "ஜப்பான் ஒரிஜினல்" என்று தனியாகக் கழற்றி விற்பார்கள். வேண்டவே வேண்டாம், கழற்றும்போதே பந்துப் பாதை அடி வாங்கியிருக்கும். ஆனால் நக்கிள், ஹப், பேரிங் மூன்றும் பிரிக்காமல் அப்படியே கிடைத்தால், காசு தட்டுப்பாடான நேரத்தில் யோசிக்கலாம். சுத்தியல் படாத பழையது, சுத்தியல் பட்ட புதியதைவிட மேல்.

நடு விலைப் பெட்டியை வாங்கினேன். தெஹிவளைக்குத் திரும்பி, இந்தத் தடவை ஸ்டூல் ஒன்றைப் போட்டுப் பிரெஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பாஸுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் விளங்கப்படுத்திக்கொண்டே செய்தார். ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்த மற்ற உள்வளையத்தைக் கிரைண்டரால் வெட்டாமல் புல்லர் போட்டு எடுத்தார். வெட்டும்போது ஹப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் புதுப் பேரிங் அதன் மேல் சரியாக உட்காராது. நக்கிளின் உட்பக்கத் துருவைச் சுத்தம் செய்தார். பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே அமுக்கும் வளையமாக வைத்து அழுத்தினார். பேரிங் வெளியே நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப்பைப் புதிதாகப் போட்டார்.

கடைசியில் ஆக்சில் நட். எயார் கன்னை எடுத்தவரிடம், என் கையேட்டில் 216 நியூட்டன் மீற்றர் என்று போட்டிருக்கிறது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய், இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ரெஞ்சை எடுத்து வந்தார். அந்த நட் சும்மா ஹப்பைப் பிடித்து வைக்க மட்டும் இல்லை. இரண்டு உள்வளையங்களையும் சேர்த்து நெருக்கி, பந்துகளுக்குச் சரியான இறுக்கத்தைக் கொடுப்பதே அதுதான். தளர்ந்தால் பேரிங் ஆடும். நட்டை இறுக்காமல் காரை நிலத்தில் இறக்கி உருட்டுவதும் அதே கேடு.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாலு தடவை யாழ்ப்பாணம் போய், ஒவ்வொரு தடவையும் பின்னால் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிகளோடு திரும்பியாயிற்று. இடப்பக்கத்தில் ஜப்பானில் பூட்டியதே இன்னும் ஓடுகிறது. போன கிழமை கொட்டாவையில் ஏறி நூறைத் தொட்டதும் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஏதோ மெல்லிசாகக் கேட்டது போல இருந்தது.

"ரயர் சத்தம்" என்றேன்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் சாய்த்தேன்.